தூக்கப் பட்டை கட்டுவோருக்குக் குன்னூரிலிருந்து சில குறிப்புகள்

தோழிகளே, வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது சாக்லேட் கொண்டுவந்த காலம் போய், இப்போது அம்மா அப்பாவுக்குத் தலையில் கட்டும் தூக்கப் பட்டை கொண்டுவருகிறார்கள். கனடாவின் டொராண்டோ நகரத்து இன்டராக்ஸான் கம்பெனி செய்யும் 'மியூஸ் எஸ்' போன்ற இந்தப் பட்டைகள், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மூளையின் மின் அலையைப் பிடித்து, எப்போது அசந்தோம், எப்போது விழித்தோம் என்று காலையில் ஃபோனில் படம் போட்டுக் காட்டும். ஆனால் எஸ்டேட் கணக்குப்பிள்ளை மாதிரிதான்: எடை போட்டு எழுதும், கொழுந்து பறிக்காது! தூங்குகிற வேலை நம்முடையது. அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. குளிர் வந்தால் நெற்றியில் நீலகிரித் தைலம் தேய்க்காமல் நம்மால் படுக்க முடியாது. ஆனால் மூளை அலையின் அளவு மைக்ரோவோல்ட்டில்தான், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் துளிகளில் சில. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சென்சாருக்கு ஒழுங்காக எட்டாது. தைலத்தை நெஞ்சுக்கும் முதுகுக்கும் வைத்துக்கொண்டு, நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பட்டையைக் கட்டுங்கள்.

2. டிசம்பர், ஜனவரி பனியில் தோல் வறண்டு வெள்ளை பூத்துப் போகும். சிக்னல் வரவில்லை என்று ஃபோன் சொன்னால் பட்டையை இறுக்கிக் கட்டித் தலைவலியை வரவழைக்க வேண்டாம். விரலைத் தண்ணீரில் தொட்டு சென்சார் படும் இடத்தில் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாட்டலையும் பெரிய கம்மலையும் கழற்றிவிட்டு, காதோர முடியை ஒதுக்கிவிடுங்கள்.

3. கரண்ட் கம்பளி வைத்திருப்பவர்கள், படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு மெத்தை சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைவது. அந்த இரைச்சல் மூளை அலைப் பதிவிலும் புகுந்துவிடும். கரண்ட் பில்லும் மிச்சம்.

4. காசில்லாமல் சீக்கிரம் தூங்க வழி, காலைச் சூடாக வைப்பதுதான். கை கால் சூடாக இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடி, உடம்பின் உள்சூடு இறங்கி, தூக்கம் விரைவாக வருகிறது என்று சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1999இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கால்மாட்டில் வெந்நீர்ப் பை, இல்லாவிட்டால் பழைய கம்பளி சாக்ஸ், அது போதும்.

5. என்ன குளிர் என்றாலும் கதவை அடைத்த அறைக்குள் கரிக் கணப்பை வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். எந்தப் பட்டையும் எழுப்பிவிடும் என்று நம்பவே கூடாது.

6. நம்மூர் டீயைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு நிறையக் காஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நாலு மணி டீயோடு நிறுத்திக்கொண்டு, அப்புறம் சுக்கு மல்லி காப்பி போடுங்கள். வர்க்கி அதிலும் நன்றாகவே ஊறும்.

7. சில பட்டைகள் ஆழ்ந்த தூக்கத்து அலை எழும் நேரம் பார்த்து மெல்லிய சத்தம் கொடுக்கும். ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் 2013இல் இப்படிச் சத்தம் கொடுத்து அந்த அலைகளை வலுவாக்கிக் காட்டினார்கள். அந்த நேரக் கணக்குக்குத்தான் கருவி வேண்டும். வெறுமனே மழைச் சத்தம் கேட்க மாதச் சந்தா கட்டாதீர்கள். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையிலும் தகரக் கூரை அதை இலவசமாகவே தருகிறது.

8. கண் விழித்ததும் மார்க் பார்க்கிற பழக்கம் வேண்டாம். இந்த எண்ணைத் துரத்தியே தூக்கம் கெட்டவர்களைப் பார்த்து, 2017இல் அமெரிக்க நிபுணர்கள் இதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வாரக் கணக்கைப் பாருங்கள், அதுவும் காலை டிபன் முடித்த பிறகு!

9. துணிப் பட்டையென்றால் மின் கருவியைக் கழற்றிவிட்டுக் கையால் அலசி, நிழலில் காயப்போடுங்கள். மூடுபனி நாளில் துவைத்தால் காயவே காயாது, வாடை வந்துவிடும்; வெயில் எட்டிப்பார்க்கிற காலையாகப் பார்த்துத் துவைத்து, புது ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சார்ஜ் போடுவதைப் பகலிலேயே முடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் ராத்திரி கரண்டை நம்பி இருக்க முடியாது.

10. இன்னும் வாங்காதவர்களா? முதலில் ஒரு பழைய டைரியில் இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்தது, கடைசி டீ எப்போது என்று எழுதிப் பாருங்கள்; பாதிப் பேருக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அப்புறமும் வேண்டுமென்றால் வருடச் சந்தா உண்டா, நம் நாட்டில் ரிப்பேர் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

11. வாங்கியவர்கள் மாதம் ஒரு தடவை பதிவுகளை ஃபோனில் தனியாகச் சேமித்துவையுங்கள். அமெரிக்காவில் தூக்கப் பட்டைக்குப் பேர்போன ஸியோ கம்பெனி 2013இல் மூடிவிட்டது. கம்பெனியை மட்டும் நம்பியிருந்தால் நம் கணக்கும் அதோடு போகும்.

12. செயலி கேட்கிற அனுமதிக்கெல்லாம் 'சரி' தட்டாதீர்கள். தொடர்புப் பட்டியல் தூக்கத்துக்கு எதற்கு? சிலி நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023இல், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளை அலைப் பதிவை அழிக்கும்படி எமோட்டிவ் கம்பெனிக்கு உத்தரவு போட்டது. நம் நாட்டிலும் அதே வருடம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பட்டையை யாருக்காவது கொடுத்துவிடுவதானால், உங்கள் கணக்கை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

13. வீட்டுக்காரர் பெரிதாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? பட்டையின் படம் நன்றாக இருக்கிறதென்று சும்மா இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி தேவையா என்று அவர் சொல்வார்.

14. மே மாதம் சீசனுக்குச் சமவெளியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஆசையாகப் பட்டையைக் கேட்பார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி காவலுக்கு விழித்த மாதிரியே இருக்கும் என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 2016இல் கண்டறிந்தது. அன்றைக்குக் கட்டினால் கணக்கு மோசமாகத்தான் வரும், பழி நம் வீட்டு மெத்தைமேல் விழும்! இரண்டு நாள் தங்கிப் பழகிய பிறகு கொடுங்கள், கொடுப்பதற்கு முன் நெற்றித் தைலத்தைத் துடைத்தார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.