வீட்டில் வேலை செய்வோருக்கு மூன்று நிமிடத் தியானம்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கின்போதும், 2022 ஜூனில் எரிபொருள் இல்லாதபோதும் இலங்கையில் காரியாலய வேலை வீட்டுக்குள் வந்தது. சிலருக்கு அது இன்றும் தொடர்கிறது. லக்கலவில் விறாந்தையில் கணினியை வைத்துக் கொழும்பு வேலை பார்க்கும் பிள்ளைக்கு பஸ் அலைச்சல் இல்லை. தேநீர் இடைவேளையும் இல்லை, வேலை முடியும் நேரமும் இல்லை. தாய் சோற்றுக்கு அழைத்தாலும் எரிந்து விழுவது இதனாலேயே.

திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குக் கணக்குக் கூறியுள்ளார். மூச்சை உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளிவிடும் இரேசகம் 32. கும்பகம் குருவிடமே பயில வேண்டியது. கதிரையில் இருந்துகொண்டு முயல வேண்டாம். இழுத்ததிலும் இரு மடங்கு நேரம் வெளிவிடுதல் என்ற பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். நீண்டு மூச்சு விடும்போது இதயத் துடிப்புத் தணிவதை வைத்தியரும் ஏற்பர்.

மணிக்கொரு தடவை கணினியை மூடி, நிமிர்ந்தமர்ந்து, நான்கு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுக. எண்ணுக்குப் பதில் திருவைந்தெழுத்தை நினைத்தல் இன்னும் நன்று. கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். தலை சுற்றினால் நிறுத்தி, வழமைபோல மூச்சு விடுக.