வேடந்தாங்கலும் எங்கள் ஊர் ஏரியும்

(பத்தாம் வகுப்பு மாணவி, இண்டூர்)

சரணாலயம் என்றால் அடைக்கலம் தரும் இடம் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முள்கம்பி வேலியும், நுழைவுச் சீட்டும், காக்கி உடை அணிந்த காவலரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் தமிழகத்தில் பெரும்புகழ் பெற்ற பறவைகள் சரணாலயமாகிய வேடந்தாங்கல், வேலியால் உண்டானது அன்று. உழவர்களின் பிடிவாதத்தால் உண்டானது. அதைப்பற்றிப் படித்து அறிந்தவற்றையும், சென்ற தை மாதம் எங்கள் வகுப்பு அங்குச் சுற்றுலா சென்றபோது கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வேடந்தாங்கல், செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். "இவ்வளவுதானா?" என்று பேருந்தை விட்டு இறங்கியதும் என் தோழி கேட்டாள். பெயர் பெற்ற இடம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். 'தாங்கல்' என்பது அந்தப் பகுதியில் பாசன ஏரியைக் குறிக்கும் சொல். வேடர்களின் ஏரி என்பதே ஊர்ப் பெயரின் பொருள். ஒரு காலத்தில் நிலக்கிழார்கள் வேட்டையாட வந்த இடம் என்றும் சொல்கிறார்கள். வேடர் பெயரைச் சுமந்த ஏரியே பறவைகளுக்குத் தாய்வீடாகிப் போனது வேடிக்கை அல்லவா? தாய்வீடு என்று அழகுக்காகச் சொல்லவில்லை. நம் வீட்டு அக்காமார் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வருவதுபோலவே, இப்பறவைகள் கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கவே இங்கு வருகின்றன. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துப் பறக்கத் தெரிந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுகின்றன.

இனி அந்தப் பிடிவாதத்தின் கதையைக் கேளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள். ஊர் மக்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கூட்டமாகத் திரண்டு சென்று செங்கற்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்பவர். கூடு கட்டும் பறவைகளை எவரும் துன்புறுத்தக் கூடாது என்று 1798ஆம் ஆண்டு அவர் எழுத்து மூலம் ஓர் உறுதி கொடுத்தார். இதற்குக் 'கவுல்' என்று பெயர். 1858ஆம் ஆண்டில் அதை மீண்டும் புதுப்பித்து வாங்கிக் கொண்டார்கள். 1936ஆம் ஆண்டில் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1998இல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை பாதுகாப்பு நீட்டப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இத்தனை ஆணைகளிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது முதலாவதுதான். வெள்ளைக்கார அதிகாரியின் முன் நிற்கவே நடுங்கிய காலத்தில், கொக்குக்கும் நாரைக்கும் நீதி கேட்டு ஒரு சிற்றூரே நடந்து போயிருக்கிறது!

ஏன் போனார்கள்? இரக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மற்றொரு காரணம் வயலில் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் மரத்தில் தங்கி மீன் தின்று எச்சமிடுகின்றன. அந்த எச்சம் நேரே ஏரி நீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்துள்ளன. மதகைத் திறந்தால் நீரோடு உரமும் சேர்ந்து கழனிக்குப் பாய்கிறது. தனியாக உரம் வாங்கிப் போட வேண்டிய தேவை குறைகிறது. வேதியியல் புத்தகத்தில் நாம் இன்று படிக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெயர் தெரியாமலே அவர்கள் நெற்கதிரில் கண்டுகொண்டார்கள். பறவைக்கு மரம், மரத்தைச் சுற்றித் தண்ணீர், தண்ணீரில் எச்சம், எச்சத்தால் நெல் என்று இது ஒரு வட்டமாகச் சுழல்கிறது. இதில் யாருக்கும் நட்டமில்லை, மீனுக்கு மட்டும்தான்!

நாங்கள் சென்ற வேளை மாலை நான்கு மணி. எங்களை அழைத்துச் சென்ற சகோதரி, "யாரும் கூச்சலிடக் கூடாது" என்று பேருந்திலேயே எச்சரித்திருந்தார். ஆனால் கரையில் ஏறியதும் எங்களைவிடப் பன்மடங்கு கூச்சல் ஏரிக்குள்ளிருந்து வந்தது. கொஞ்சம் நாற்றமும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஏரியின் நடுவே நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு நீரில் நின்றன. இலை தெரியாதபடி அவற்றின் மேல் பறவைகள். ஒவ்வொரு மரமும் மாடி வீடுபோல் இருந்தது. மரங்கள் தண்ணீரில் நிற்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு என்று வனக்காவலர் விளக்கினார். "தண்ணி வத்திட்டா நரியும் நாயும் பூனையும் மரத்தடிக்கு வந்துடும்மா. அதுதான் மழை பொய்ச்ச வருஷம் இதுங்க கூடு கட்டாது" என்றார். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால் ஐப்பசி கார்த்திகையில் வரத்தொடங்கி, பங்குனி வரையிலும் தங்கும். ஏரி நிறையாவிட்டால் வருகை இல்லை. எந்த நாள்காட்டியைப் பார்த்து வருகின்றனவோ!

கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, வாடகைக்கு வாங்கிய பைனாகுலரை ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று பங்கிட்டுக்கொண்டோம். எனக்கு மிகவும் பிடித்தது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். முதலில் அலகு ஒடிந்த பறவை என்றே தோழிகள் பரிதாபப்பட்டார்கள். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுப்பதற்கு உதவும் அமைப்பு அது. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி இருப்பதில்லை; வளர வளரத்தான் உண்டாகிறது. வயல் நத்தைகளைத் தின்பதால் உழவனுக்கு இது கூலி கேளாத வேலையாள்.

கரண்டிவாயன் என்ற பறவைக்கு அலகின் நுனி நம் வீட்டு அகப்பைபோல் தட்டையாக இருக்கிறது. அதை நீரில் இப்புறமும் அப்புறமும் வீசித் துழாவிக்கொண்டே நடக்கிறது. பாம்புத்தாரா உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்போது பாம்பு என்றே ஒருத்தி அலறிவிட்டாள். நீர்க்காகம் இறக்கைகளை விரித்துக்கொண்டு கிளையில் அசையாமல் நின்றது. மூழ்கி மீன் பிடிக்கும் பறவையாயினும் அதன் சிறகு நனைந்துவிடும். ஆகவே துணி உலர்த்துவதுபோல் காயவைக்கிறது. மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன், வக்கா, பலவகைக் கொக்குகள் எல்லாம் பார்த்தோம். வக்கா மட்டும் எல்லோரும் வீடு திரும்பும் வேளையில் வேலைக்குப் புறப்பட்டது. இரவு வேலைக்காரர்!

கூழைக்கடாவைப்பற்றி நம் பள்ளித் தோழியருக்கு ஒன்று சொல்ல வேண்டும. சில தேவாலயங்களின் பீடங்களில் ஒரு பறவை தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளை ஊட்டுவதுபோல் செதுக்கியிருப்பார்கள். அது கூழைக்கடாதான். ஆண்டவரின் தியாகத்துக்கு அதை அடையாளமாக முன்னோர் கொண்டார்கள். உண்மையில் கூழைக்கடா மார்பைக் கொத்துவதில்லை. அலகின் கீழுள்ள பையை நெஞ்சோடு அழுத்தி வளைக்கிறது. குஞ்சு தலையை உள்ளே நுழைத்து அரைகுறையாகச் செரித்த மீனைத் தின்கிறது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறுவிதமாகத் தோன்றியிருக்கலாம். பைனாகுலரில் அதைப் பார்த்தபோது, சகோதரியும் எங்களிடமிருந்து வாங்கி இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பார்த்தார்.

இங்கே பலரும் நம்பும் ஒரு செய்தியைத் திருத்த வேண்டும். வேடந்தாங்கலில் இருப்பவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள், சைபீரியாவிலிருந்து முட்டையிட வருகின்றன என்று சொல்வார்கள். அது சரியன்று. கூடு கட்டும் நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே. வடக்கே வெகுதொலைவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை குளிருக்கு அஞ்சி இரை தேடி வருபவை. அவை இங்கு ஒரு முட்டைகூட இடுவதில்லை. வெயில் ஏறியதும் தம் நாட்டுக்குத் திரும்பித்தான் கூடு கட்டும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையையே கடந்து வருகிறது. ஆகவே ஓர் ஏரியில் பிறக்க வந்தவரும் உண்டு, பிழைக்க வந்தவரும் உண்டு.

கூந்தன்குளத்தில் ஏரி மட்டுமன்றி ஊருக்குள் இருக்கும் மரங்களிலும், வீட்டு முற்றத்திலும்கூட நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் விழுகிறது என்று யாரும் கல்லெறிவதில்லை. தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "ஒரு சரவெடிகூடவா?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

உலகின் மறுபக்கத்தில் இதே காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீமாட்டிகள் தொப்பியில் வெள்ளைக் கொக்கின் மெல்லிய இறகைச் செருகிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. அந்த இறகு கொக்குக்குக் கூடு கட்டும் பருவத்தில்தான் முளைக்கும். எனவே தாய்ப் பறவையைக் கொன்றால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் மடியும். இதை எதிர்த்து முதலில் கிளம்பியவர்களும் பெண்களே. இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் என்னும் அம்மையார் 1889இல் ஒரு சங்கம் தொடங்கினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இருவர், 1896இல் தம் தோழியரைத் தேநீருக்கு அழைத்து அழைத்தே இறகுத் தொப்பியைக் கைவிடச் செய்தார்கள். நம் நாட்டிலிருந்து இறகு ஏற்றுமதி 1902இல் தடை செய்யப்பட்டது. அமெரிக்க அரசின் முதல் பறவைப் புகலிடம் புளோரிடாவில் உள்ள பெலிக்கன் தீவு; ஆண்டு 1903. கழித்துப் பாருங்கள், வேடந்தாங்கல் உழவர்கள் 105 ஆண்டு முந்திக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் என்று ஒன்று இல்லை. 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அது யானைக்கும் காட்டுக்கும் உரியது. எங்கள் பக்கத்து ஏரிகள் வானம் பார்த்தவை. சில ஆண்டுகள் வெடித்த களிமண்ணாகவே கிடக்கும். ஆனால் நிறைந்த ஆண்டில் பத்தே நாளில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மடையானும் வந்துவிடுகின்றன. யார் போய்ச் சொன்னார்களோ! கரையிலுள்ள கருவேல மரங்களில் மாலையில் கொக்குகள் வெள்ளை வெள்ளையாய் வந்து அமரும். எங்கள் டிராக்டர் உழும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்து புழு பொறுக்கும். "என் காலத்திலே கலப்பைக்குப் பின்னாலே வந்துச்சு, இப்போ உங்க அப்பன் டிராக்டருக்குப் பின்னாலே வருது" என்பார் தாத்தா.

வேடிக்கை இவ்வளவோடு நிற்பதில்லை. உண்டிவில்லோடு பையன்கள் வருகிறார்கள். கண்ணி வைத்துக் கௌதாரியும் காடையும் பிடிப்பவர்கள் வருகிறார்கள். சந்தைக்குப் போகும் வழியில் இறக்கை முறித்துக் கட்டிய கொக்குகளை ஒருவர் விற்றதை நானே பார்த்திருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குச் சிறைத் தண்டனை உண்டு என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு அடுத்த ஊர் ஏரியைத் தூர் வாரினார்கள். நல்ல காரியம்தான். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியதும் சரியே. ஆனால் அதோடு நாட்டுக் கருவேல மரங்களையும் சேர்த்து அறுத்து வண்டியேற்றிவிட்டார்கள். ஏரி ஆழமாயிற்று, மழையும் பெய்தது, தண்ணீரும் நின்றது. அந்தக் கார்த்திகையில் கொக்குகள் ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கோ போய்விட்டன. உட்கார ஒரு கிளை இல்லையே!

இதை வேடந்தாங்கல் காவலரிடம் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். தோண்டும் மண்ணை எல்லாம் வெளியே கொட்டாமல், கொஞ்சத்தை ஏரிக்குள்ளேயே திட்டாகக் குவித்து, அதன்மேல் கருவேலமோ நீர்க்கடம்போ நட்டால் போதும் என்றார். மரம் கிளை பரப்பச் சில ஆண்டுகள் ஆகுமாம். அதுவரை இருக்கிற மரங்களில் நாலையாவது விட்டுவைக்க வேண்டுமாம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரியையும் வரும் கோடையில் தூர் வாரப் போவதாகப் பேச்சு இருக்கிறது. நானும் பக்கத்துத் தெருத் தோழியும் கரையிலுள்ள நாட்டுக் கருவேல மரங்களை எண்ணினோம்; இருபத்து மூன்று இருக்கின்றன. கிராமசபையில் பேச எங்களுக்கு வயது போதாது. மே 1ஆம் தேதிக் கூட்டத்தில் அப்பா கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். "மரம் வேணும்னு மட்டும் சொன்னா யாரும் கேட்கமாட்டாங்க, அந்தத் தண்ணி பாய்ஞ்சா உரச் செலவு குறையும்னு சொல்லு" என்று தாத்தா அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.