பல்லில் வரி இருந்தால் நோஞ்சான் பிள்ளையா?

பழைய இடுகாடுகளில் கிடைக்கும் குழந்தைகளின் எலும்புகளைப் பற்றிப் படித்தவர்களிடமும் சில தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்க நல்ல இடம், இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி. இடைக்காலத்தில் உழவர்கள் வாழ்ந்து, 1500 வாக்கில் ஆளரவம் இல்லாமல் போன ஊர் அது. மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்று நடத்திய அகழாய்வு 1950 முதல் 1990 வரை நீண்டது. தேவாலய இடுகாட்டில் ஏறத்தாழ 700 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் சிறார்கள்.

நம்பிக்கை: குழந்தை எலும்பு மக்கிப்போகும், ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அமிலத்தன்மை உள்ள மண்ணில் சீக்கிரம் மக்கும், உண்மைதான். சுண்ணாம்புப் பாங்கான மண்ணோ பச்சிளங்குழந்தையின் எலும்பைக்கூடப் பல நூற்றாண்டுகள் காக்கும். வாரம் பெர்சியே அதற்குச் சாட்சி. பல இடங்களில் எலும்பு காணாமல் போவது தோண்டுபவர் கையில்தான். பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புத் துண்டுகள் இருக்கும். விரல் எலும்புகள் அரிசிமணி அளவே. மண்ணைச் சலிக்காதவர் கண்ணில் அவை படாது.

நம்பிக்கை: எலும்பைப் பார்த்தே ஆண் குழந்தையா, பெண் குழந்தையா எனச் சொல்லிவிடலாம்.

முடியாது. இடுப்பெலும்பின் வேறுபாடு நம்பும்படி தெரிவது பருவமடைந்த பிறகுதான். மரபணுவைக் கொண்டு கண்டறியலாம். பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பியில் உள்ள புரதத் துணுக்குகளைக் கொண்டு கண்டறியும் முறையும் 2017-இல் வெளிவந்தது.

நம்பிக்கை: நோயின் தடம் இருந்தால் நோஞ்சான் பிள்ளை, இல்லாவிட்டால் ஆரோக்கியமான பிள்ளை.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கோரைப்பல்லை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். சில பற்களில் குறுக்கே மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். அந்தப் பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்தபோது கடும் காய்ச்சலோ பட்டினியோ பிள்ளையை வாட்டியிருக்கிறது. பற்சிப்பி படிவது அந்த நாட்களில் தடைப்பட்டிருக்கிறது. எலும்பு ஆயுள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பற்சிப்பியால் அது முடியாது. அதனால் அறுபது வயதுக் கிழவரின் பல்லில்கூட மூன்று வயதில் பட்ட கஷ்டம் அப்படியே இருக்கும். பள்ளம் பல்லின் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து அது எந்த வயதில் நேர்ந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பள்ளத்துக்குப் பிறகும் பற்சிப்பி வளர்ந்திருக்கிறது என்றால், பிள்ளை அந்தக் கண்டத்தைத் தாண்டிப் பிழைத்திருக்கிறது. வயிற்றுப்போக்கில் மூன்றே நாளில் மாண்ட குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் ஒரு கீறல்கூட விழ நேரம் இருந்திருக்காது. அப்படியானால் யார் பலசாலி? ஜேம்ஸ் வுட்டும் அவருடைய சகாக்களும் 1992-இல் ‘கரன்ட் ஆந்த்ரோபாலஜி’ இதழில் இந்தப் புதிரை விரிவாக எழுதினார்கள். தடங்கள் மலிந்த இடுகாடு, நோயைத் தாக்குப்பிடித்த சமூகத்துடையதாக இருக்கக்கூடும் என்று அவர்கள் சொன்னது துறையையே உலுக்கியது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இடுகாட்டில் நாம் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளை, பத்து வயதில் இறந்துபோன பிள்ளை. தெருவில் ஓடி விளையாடிய அதன் தோழர்களின் உடல்நிலையை இதை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

நம்பிக்கை: கண்குழியின் மேற்புறத்தில் துளைகள் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு.

பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகங்களே இப்படிச் சொல்லிவந்தன. 2009-இல் பிலிப் வாக்கரும் சக ஆய்வாளர்களும் இதை மறுத்தார்கள். எலும்பு மஜ்ஜை பெருகுவதால்தான் அந்தத் துளைகள் வருகின்றன என்றால், இரும்பே இல்லாத உடலில் மஜ்ஜை எப்படி அவ்வளவு ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் என்பது அவர்கள் கேள்வி. வைட்டமின் பி12 குறைவு போன்ற காரணங்களையும் தேட வேண்டும் என்றார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம்பிக்கை: அந்தக் கால மக்கள் பிறவியிலேயே குள்ளம்.

வாரம் பெர்சியின் 14 வயதுப் பிள்ளை, இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருந்தது. ஆனால் அவ்வூரில் வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர். இன்றைய ஆங்கிலேயரைவிடச் சில சென்டிமீட்டர்தான் குறைவு. பரம்பரைக் குள்ளம் என்றால் இது நடந்திருக்காது. போதிய உணவின்றியும் நோயாலும் வளர்ச்சி தள்ளிப்போய், அதிக ஆண்டுகள் நீடித்திருக்கிறது. இத்தனை பற்றாக்குறையிலும் அதே ஊர்த் தாய்மார்கள் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு வயதுவரை தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்கள். பால் குடிக்கும் குழந்தையின் எலும்பில் நைட்ரஜனின் கனமான வகை (ஐசோடோப்பு) தாயைவிடக் கூடுதலாகச் சேரும்; பால் மறந்ததும் குறையும். அதை அளந்து சொன்ன முடிவு இது. வறுமையிலும் பிள்ளைக்குப் பாலைக் குறைக்காத அந்தத் தாய்மார்களை எனக்கு மதிக்கத் தோன்றுகிறது.

நம் மண்ணிலும் இந்த வேலைக்கு இடம் இருக்கிறது. கீழடிக்கு அருகே கொந்தகையில் 2020-இல் நடந்த அகழாய்வில் குழந்தை எலும்புக்கூடும் கிடைத்தது. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால், பானையை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். பால்பற்கள் அந்த மண்ணில்தான் கிடக்கும். வேலையை நிறுத்திவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.