பொலிகாளை லைசென்சும் கிராமத்தின் கடமையும்

ஒரு பசு தன் ஆயுளில் ஈனும் கன்றுகள் ஆறோ ஏழோதான். பொலிகாளையோ ஒரே வருஷத்தில் ஐம்பது அறுபது பசுக்களைச் சினைப்படுத்தக் கூடியது. தரமற்ற பசுவால் வரும் நஷ்டம் அதன் சொந்தக்காரருடைய தொழுவத்தோடு நின்றுவிடும். தரமற்ற காளையால் வரும் நஷ்டம் ஊரிலுள்ள எல்லாத் தொழுவங்களிலும் புகும். ஆதலால் பொலிகாளை ஒருவருடைய சொத்தாயினும், அதன் பலன் ஊராருக்கெல்லாம் பொதுவானது. காளைகளுக்கு லைசென்ஸ் விதிக்கும் சட்டங்களுக்கு அடிப்படையான நியாயம் இதுவே. அந்த நியாயம் சட்டமான வரலாறும், சட்டத்தால் ஆகக்கூடியது ஆகாதது இன்னவை என்பதும், எஞ்சியதைக் கூட்டுறவுச் சங்கத்தார் செய்யும் முறையும் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

சட்டம் பிறந்த விதம்

1926-ம் வருஷத்தில் லின்லித்கோ பிரபுவைத் தலைவராகக் கொண்டு இந்திய விவசாய ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1928-ல் வெளிவந்தது. கால்நடைகளைப் பற்றி அக்கமிஷன் எடுத்துக்காட்டிய உண்மை கவனிக்கத்தக்கது. மாடுகளை நன்கு வளர்க்க வசதியில்லாத இடங்களிலேயே மாடுகளின் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. இது விந்தையாகத் தோன்றினும் காரணம் எளிது. இரண்டு நல்ல எருதுகள் செய்யும் வேலைக்கு நான்கு மெலிந்த எருதுகள் வேண்டியிருக்கும். அந்த நான்கையும் பெறுவதற்குப் பசுக்களும் அதிகம் வேண்டும். மேய்ச்சல் நிலமோ பெருகுவதில்லை. அதே புல்லை அதிக வாய்கள் பங்கிட்டுக்கொள்வதால் மாடுகள் மேலும் மெலியும்; மெலிந்தவற்றுக்கு ஈடாக மேலும் மாடுகள் வேண்டியிருக்கும். இச்சுழலிலிருந்து வெளிவருவதற்குத் தீனி, நோய்த் தடுப்பு, காளைத் தேர்வு ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும்.

லின்லித்கோ பிரபு 1936-ல் வைசிராயாக வந்தவுடன், செல்வந்தர்கள் கிராமங்களுக்குப் பொலிகாளைகளை நன்கொடையாக அளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அதற்கு முன்பே பம்பாய் மாகாணத்தில் 1933-ல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1940-ல் ஏற்பட்டது. இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய ஏற்பாடன்று. அயர்லாந்தில் 1925-லும், பிரிட்டனில் 1931-லும் காளைகளுக்கு லைசென்ஸ் வேண்டுமென்று சட்டம் செய்யப்பட்டது.

இச்சட்டங்களின் பொது அமைப்பு ஒன்றே. குறித்த வயதை அடைந்த காளையை லைசென்ஸ் இல்லாமல் இனவிருத்திக்கு வைத்திருக்கலாகாது. அங்கக் குறைவுள்ளது, தீராத தொற்றுநோய் உள்ளது, அப்பகுதியில் பரவத் தகாத இனத்தைச் சேர்ந்தது என்று கண்டால் அதிகாரி லைசென்ஸ் மறுக்கலாம். மறுக்கப்பட்ட காளைக்குக் காயடிக்க வேண்டும்.

சட்டத்தால் ஆகாதது

சட்டம் ஒரு தரமற்ற காளையை விலக்கும். அதனிடத்தில் ஒரு நல்ல காளையைத் தானே கொண்டுவந்து நிறுத்தாது. இந்த வேற்றுமையை உணராவிடில் நன்மைக்குச் செய்த காரியமே தீமையாக முடியும்.

அறுபது பசுக்கள் உள்ள ஒரு கிராமத்தை உதாரணமாகக் கொள்வோம். மந்தையில் ஐந்தாறு மட்டக் காளைகள் திரிகின்றன. அதிகாரி வந்து எல்லாவற்றுக்கும் காயடிக்க உத்தரவிடுகிறார். மறு மாதம் பருவத்துக்கு வரும் பசுவுக்குக் காளை எங்கே? வசதியுள்ளவர் பக்கத்து ஊருக்குப் பசுவை ஓட்டிச் செல்வார். ஒரே பசுவின் பாலை விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பத்தார் கூலி வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு மூன்று நான்கு தடவை தவறினால் பசு கறவை வற்றிச் சும்மா நிற்கும். தீனிச் செலவோ நிற்காது. முடிவில் அது தரகர் கைக்குப் போய்விடும். சட்டத்தின் பாரம் இவ்வாறு மிக எளியவர் தலையிலேயே விழும். ஆதலால், நல்ல காளை வந்து சேர்ந்த பிறகே மட்டக் காளைகளை விலக்குவது என்ற முறை இன்றியமையாதது.

இரண்டாவது சங்கடம் காலத்தைப் பற்றியது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். பிறந்த கிடாரி வளர்ந்து தலையீற்றுக்கு வர மூன்று நான்கு வருஷங்கள் ஆகும். ஒரு காளையைத் தேர்ந்தெடுப்பதில் இன்று செய்த பிழை, அதன் மகள் கறக்கத் தொடங்கும்போதுதான் வெளிப்படும். காளையின் உயரம், திமில், கொம்பு இவற்றைக் கண்ணால் பார்த்து அதன் பெண் கன்றுகளின் பாலை அறிய முடியாது. காளையின் தாய், உடன்பிறந்த கிடாரிகள், பெண் கன்றுகள் ஆகியவற்றின் கறவைக் கணக்கே அதற்குச் சான்று. அந்தக் கணக்கு எழுதப்படாத ஊரில் லைசென்ஸ் என்பது காளையின் தோற்றத்துக்கு மட்டுமே அளித்த சீட்டாகும்.

மூன்றாவது, மனிதர் மனத்தைப் பற்றியது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையைக் கட்டவோ, காயடிக்கவோ, விற்கவோ ஊரார் இசையமாட்டார்கள். அதை வெறும் மூடப் பழக்கமென்று தள்ளிவிடுவது விவேகமன்று. கிராமத்துக்குப் பொதுவில் ஒரு காளை, அதற்கு ஊரார் எல்லாருடைய வயலிலும் மேயும் உரிமை என்ற பழைய ஏற்பாட்டில் நல்ல கருத்து அடங்கியுள்ளது. கன்றாக இருக்கும்போதே நல்ல தாய்க்குப் பிறந்ததைத் தேர்ந்து நேர்ந்துவிட்டால், வழக்கமும் காப்பாற்றப்படும், மந்தையும் விருத்தியடையும். வீட்டில் பயன்படாத கன்றை நேர்ந்துவிடுவதே குற்றம். இதை உத்தரவு மாற்றாது. ஊர்ப் பெரியவர்களும் கோயில் நிர்வாகிகளும் சேர்ந்து பேசினால் மாறும்.

காளை மாற்று

ஒரு நல்ல காளையை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. மேற்கூறிய கிராமத்தில் அந்த ஒரே காளைக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய இருபது கிடாரிகள் பிறக்கலாம். மூன்று வருஷம் சென்றபின் அந்தக் கிடாரிகள் பருவத்துக்கு வரும்போது, மந்தையில் அவற்றின் தகப்பனே நிற்கும். தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றுக்கு முக்கால் பங்கு இரத்தம் அந்த ஒரே காளையினுடையது. இத்தகைய உறவுக் கலப்பினால் மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். கன்றுகள் நலிந்து பிறக்கும். பசுக்கள் சினை தங்காமலும் போகும்.

இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. அடுத்தடுத்த மூன்று ஊர்களின் சங்கங்கள் ஆளுக்கொரு காளை வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முறையாக மாற்றிக்கொள்ளலாம். மூன்று காளைகளின் விலையில் ஒன்பது வருஷங்களுக்குப் புதிய இரத்தம் கிடைக்கும். மாற்றும் முன் கருச்சிதைவு நோய் முதலிய தொற்றுகள் இல்லையென்று கால்நடை வைத்தியரைக் கொண்டு பரிசோதித்துக்கொள்ள வேண்டும். காளை வழியாக அந்நோய்கள் ஊர்விட்டு ஊர் பரவும்.

சினை ஊசியும் புதிய சட்டமும்

1940-ல் சட்டம் செய்தவர்கள் கண்முன் இருந்தது மந்தையில் நிற்கும் காளை. அதற்கு ஒரு வருஷம் முன்னரே, 1939-ல், மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் செயற்கைமுறைக் கருவூட்டல் செய்து பார்க்கப்பட்டது. பிற்காலத்தில், விந்தைத் திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிரில் உறையவைத்து வருஷக்கணக்கில் வைத்திருக்கும் முறை பரவியது. ஜனங்கள் இதைச் சினை ஊசி என்பர். இம்முறையில் ஒரு காளையிலிருந்து ஒரே வருஷத்தில் பல்லாயிரம் உறைவிந்துக் குச்சிகள் தயாரிக்கலாம்.

இதனால் முன் சொன்ன நியாயம் பன்மடங்கு பெரிதாகிவிட்டது. மந்தைக் காளையின் குறை ஓர் ஊரைக் கெடுத்தது. குச்சிக்குரிய காளையின் குறை பல ஜில்லாக்களைக் கெடுக்கும். தமிழ்நாட்டில் 2019-ம் வருஷத்து மாட்டின இனப்பெருக்கச் சட்டம் இந்தக் காரணத்தால் எழுந்தது. விந்து உற்பத்தி நிலையங்களையும், விந்தைச் சேமித்து வழங்குவோரையும், கருவூட்டல் செய்வோரையும் பதிவு செய்து ஓர் ஆணையத்தின் மேற்பார்வையில் கொண்டுவருவது அதன் நோக்கம். காளையைப் பாராமலே பசுவைச் சினைப்படுத்தும் விவசாயிக்கு இத்தகைய பாதுகாப்பு அவசியம்.

ஆயினும் அச்சட்டம் வந்தபோது, நாட்டு மாடு வளர்ப்போர் பலர் அச்சம் தெரிவித்தனர். சான்றிதழ் பெற இயலாத சிறு விவசாயியின் காளை நாளடைவில் மறைந்துவிடுமோ என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஜெர்ஸியும், மலைப்பிரதேசங்களில் பிரீஷியனும் கலந்த பசுக்கள் பாலைப் பெருக்கின. பால் சங்கங்கள் வளர்ந்ததற்கு அவையும் காரணம். இன்று மாடுகளில் மிகப் பெரும்பாலானவை கலப்பினமே. அதே காலத்தில், கொறங்காட்டுப் புல்லில் வளர்ந்த காங்கேயமும், காவிரிக் கழிமுகச் சேற்றில் உழுத உம்பளச்சேரியும், அந்தியூர் மலைகளின் பர்கூரும், வயல்களில் கிடை அமர்த்தப்பட்ட புலிக்குளமும், தர்மபுரிப் பக்கத்து ஆலம்பாடியும் குறைந்துகொண்டே வந்தன. உழவும் வண்டியும் இயந்திரத்துக்குப் போனதே இதற்கு முதற் காரணம். ஆனால் எது சிறந்த காளை என்பதைப் பால் அளவு ஒன்றினாலேயே தீர்மானித்ததும் ஒரு காரணமாகும். வெயிலையும் உண்ணியையும் காய்ந்த தட்டையையும் தாங்கும் குணம் ஒருமுறை மறைந்தால், பின்னர் பணம் கொடுத்தும் வாங்க முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக எழுந்த கிளர்ச்சியில் நாட்டுக் காளைகளைப் பற்றிய இந்தக் கவலையும் சேர்ந்து ஒலித்தது.

ஆகவே, பரவத் தகாத இனம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கவனத்துடன் கையாளப்பட வேண்டியது. நீர்ப்பாசனமும் பசுந்தீவனமும் உள்ள ஊருக்கு ஏற்ற காளை, மானாவாரி ஊருக்கு ஏற்காது. தன் ஊர் எத்தகையது என்பதைச் சங்கமே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அதனிடம் கணக்கு இருக்க வேண்டும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1. ஊரிலுள்ள பசுக்களுக்கு ஒரு பதிவுப் புத்தகம் வைத்தல். பசுவின் இனம், ஈற்று, மாதம் ஒருமுறை அளந்த கறவை, கன்றின் தகப்பன் ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும்.

2. சினை ஊசி போடும்போது குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணையும் இனத்தையும் நிலையத்தின் பெயரையும் அன்றே குறித்துக்கொள்ளுதல். அந்த எண் இல்லாவிடில், பிறக்கும் கன்றுக்குத் தகப்பன் தெரியாது. அதே காளையின் விந்து அதன் மகளுக்கே மறுபடி வரக்கூடும்.

3. பருவத்தின் அறிகுறிகளை எல்லா அங்கத்தினருக்கும், முக்கியமாகத் தொழுவத்தைப் பராமரிக்கும் பெண்களுக்கும், கற்பித்தல். காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது பொதுவிதி.

4. நாட்டு இனத்தின் சொந்தப் பிரதேசமாக உள்ள ஊர்களில், அவ்வினப் பொலிகாளை ஒன்றைப் பொதுவில் வளர்த்தல். தீனிச் செலவைப் பசுக்களின் எண்ணிக்கைப்படி பங்கிட்டு, ஒரே பசு உள்ளவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தல்.

5. மாற்று ஏற்பாடு ஆன பின்னரே மட்டக் காளைகளைக் கால்நடை வைத்தியரைக் கொண்டு காயடித்தல்.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

ஊரில் சென்ற வருஷம் பிறந்த கன்றுகளில் எத்தனைக்குத் தகப்பன் இன்னதென்று தெரியும்? சினை தங்காமல் விற்கப்பட்ட பசுக்கள் எத்தனை. அவற்றில் ஒரே பசு உள்ள வீடுகளைச் சேர்ந்தவை எத்தனை? கோயில் காளை எந்தப் பசுவின் கன்று. அதைத் தேர்ந்தவர் யார்? காளை மாற்றுக்கு இசையக்கூடிய பக்கத்துச் சங்கங்கள் எவை?

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி வைத்திருக்கும் சங்கத்துக்கு, லைசென்ஸ் கேட்டு வரும் அதிகாரி ஓர் உதவியாளராக வருவார். விடை இல்லாத ஊரில் அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டுப் போவார். அதன் பலனை நாலைந்து வருஷம் கழித்து ஊராரே அனுபவிக்க வேண்டியிருக்கும்.