கிலோமீற்றரை மறந்துவிட்டு மலையேறுங்கள்

மார்கழி விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் போக நினைக்கும் பல்லேபொலக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீற்றர் வரும்?" நான் திருப்பிக் கேட்பது, "விடிய எத்தனை மணிக்குப் பொறப்படுறீங்க?" மலைப்பாதையில் தூரத்தை வைத்து ஒன்றையும் கணக்குப் போட முடியாது. வெளிச்சம் எதுவரை இருக்கும், மூட்டம் எப்போது இறங்கும், பின் சீட்டில் இருக்கிற சின்னதுகளுக்கு எந்த இடத்தில் வயிற்றைக் குமட்டும் என்பதையெல்லாம் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். சமதரை என்றால் ஒன்றரை மணித்தியால ஓட்டம். எங்கள் மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றரைக்கூடத் தொடாது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கம்பளையைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. புசல்லாவையிலிருந்து இறம்பொடை, லபுக்கலை வழியாகப் பாதை வளைந்து வளைந்து ஏறும். வெயில் நாளிலேயே மூன்று மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். மூட்டம் போட்டால் நாலுக்கும் மேலே போகும்.

அதனால் நாங்கள் இருட்டோடு பல்லேபொலையை விட்டு, மாத்தளையில் ஏ9 பாதையில் ஏறி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை நெரிசல் தொடங்குமுன்னே கண்டியைக் கடந்துவிடுவோம். வீட்டில் வெறும் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும். சாப்பாடு கம்பளையில். அதுவும் ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு என்று எண்ணெய் குறைந்ததாக. மலையேறுமுன் பொரித்த சாப்பாடும் பால் தேத்தண்ணியும் கொடுத்தால் இறம்பொடை வரும்போது பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். தோல் சீவி உப்புத் தடவிய இஞ்சித் துண்டு ஒரு சின்னப் போத்தலில் எப்போதும் வானில் இருக்கும். ஏறுகிற நேரத்தில் யார் கையிலும் போன் இருக்கக்கூடாது. பார்வை முன் கண்ணாடி வழியாகப் பாதையில் இருக்க வேண்டும். குமட்டுகிற பிள்ளையை நடு வரிசையில் உட்கார வையுங்கள். பின் வரிசைதான் வளைவில் அதிகம் ஆடும்.

மூட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மாவின் தம்பி. அம்மா பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். மாமா குடும்பம் இன்னும் அங்கேதான். ஒரு மத்தியானம் அவர் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். மாமா கீழே கொத்மலை நீர்த்தேக்கத்துப் பக்கம் கையை நீட்டினார். "தண்ணி தெரியுதா?" என்றார். தெரிந்தது. தேத்தண்ணி குடித்து முடித்துப் பார்த்தபோது தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு படுக்கை. "கீழ மூடிருச்சுன்னா அரை மணித்தியாலத்துல இங்கயும் ஏறிரும். அக்காவ ஏத்திக்கிட்டு இப்பவே கெளம்புங்க தம்பி" என்றார். கிளம்பினோம். லபுக்கலையைத் தொடும்போது முன்னால் போன லொறியின் பின் விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மலையில் வண்டி ஓட்டுவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். மூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பெரிய லைட்டைப் போடாதீர்கள். வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லைட்டைத் தாழ்த்தி, இடது கரைக் கோட்டைப் பிடித்து, ஒவ்வொரு முடக்கிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகளின் பழைய கணக்கு. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் இடையிடையே தொட்டுக்கொள்ள மட்டும். ஓட்டோ கியர் வான் என்றால் 'டி'யில் விட்டுவிடாமல் 'எல்' அல்லது '2'க்கு மாற்றுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறும், கருகிய வாசம் வரும், பிறகு மிதி ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. வாசம் வந்தவுடன் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணித்தியாலமாவது ஆற விடுங்கள். சில்லுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். பயணத்துக்கு முன் கராஜில் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

2025 மே 11ஆம் திகதி இறம்பொடை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய பாதையில் சுற்றுலா போன பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். முதலாவது விடியுமுன், இரண்டாவது இரவில். இதனால்தான் "இரவோடிரவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஒரு நாள் மிச்சம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இருட்டில் பல்லேபொலையிலிருந்து கண்டி வரை ஓடலாம். மலைக்கு விடிந்த பிறகுதான்.

டிசம்பர் மழையை லேசாக எடுக்கக்கூடாது. வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் இருக்கிற மாதம் அது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மட்டுமல்ல, எங்கள் மாத்தளை மாவட்டத்திலும் மலை சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமானது. அதனால் நானுஓயாவிலிருந்து பிள்ளைகளை ரயிலில் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் ஸ்டேசனில் விசாரித்துவிட்டே திட்டம் போடுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. அங்கேயே வாழ்கிற மக்களுக்காகச் சொல்லப்படுவது அது. விடுமுறைக்குப் போகிற நமக்கு மஞ்சளே போதுமான காரணம். நாங்கள் போக வேண்டிய பிரதேசச் செயலகப் பிரிவின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவோம். விடுதிக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். பாதையில் மழை பிடித்தால் வெட்டிய மண்மேட்டின் கீழ் வண்டியை நிறுத்தாதீர்கள். மேலிருந்து கலங்கல் தண்ணீர் புதிதாக வடிந்தால், மரங்கள் பாதைப் பக்கம் சாய்ந்திருந்தால், அங்கே நின்று பார்க்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கான 1990 ஆகிய இலக்கங்களை வானில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டுங்கள்.

விடுமுறை இடம் கொடுத்தால் ஜனவரி முதல் வாரங்கள்தான் என் தெரிவு. மழை குறைந்து, பல நாட்களில் வானம் வெளுத்திருக்கும். நுவரெலியாவில் சில விடியல்களில் புல்லின் மேல் வெண்பனி உறைந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். தேயிலைக்கோ கொழுந்து கருகிப்போகிற காலம். ஏப்ரல் வசந்தகாலத்து நெரிசலும் அறை வாடகையும் அப்போது இருக்காது.

பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம் என்றால் இரண்டு ஊருக்கு மேல் போட வேண்டாம். நுவரெலியாவில் இரண்டு இரவு, பிறகு ஹக்கலை, வெலிமடை வழியாக இறங்கிப் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ இரண்டு இரவு. போகும் வழியில் சீதாஎலிய அம்மன் கோயில், 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா. எல்லவுக்கு அப்புத்தளையிலிருந்து ஒரு காலைப் பொழுது போய், 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பலாம். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்து லிப்டன் சீட்டுக்கும் விடியப் போனால்தான் காட்சி கிடைக்கும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு எல்லோரும் போக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். உள்ளே சுற்றிவருகிற பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது தண்டனை. அம்மாவை அறையில் சூடான தேத்தண்ணியோடு விட்டுவிட்டு நாங்கள் மட்டும் விடியுமுன் பட்டிப்பொல வழியாகப் போவோம். இருட்டில் ஏறுவதற்கு அந்தப் பாதை மட்டும்தான் விலக்கு. அதுவும் முந்தின நாள் வானம் தெளிந்திருந்தால்தான். பத்து மணிக்குப் பிறகு, அங்கே 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பில் வெள்ளை மூட்டம்தான் மிஞ்சும். வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போங்கள்.

குளிருக்கு ஒரே தடித்த சட்டையைவிட மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்பு நல்லது. உள்ளே பெனியன், மேலே நீளக்கைச் சட்டை, அதற்குமேல் ஸ்வெட்டர். காதை மூடும் தொப்பியும் இரண்டு சோடிக் காலுறையும் பிள்ளைகளுக்குக் கட்டாயம். எல்லாவற்றையும் ஊரிலேயே வாங்கத் தேவையில்லை, நுவரெலியா பேல் பஜாரில் மலிவாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். கரியிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தால் போதும். தோட்டத்து வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள்.

இமயமலை ஊர்களுக்குப் போக ஆசைப்படும் உறவுக்காரர்களிடமும் இதே ஆயத்தங்களைத்தான் சொல்கிறேன். சிம்லா சுமார் 2,200 மீற்றர், டார்ஜீலிங் 2,000 மீற்றருக்குச் சற்று மேல். ஹோர்ட்டன் சமவெளியும் ஏறக்குறைய அதே உயரம். பனி மழை நமக்குக் கிடைக்காது, மற்றதெல்லாம் ஒன்றுதான். மணாலிக்கு மேலே 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீற்றர் நீளம். அதைத் தாண்டுகிறவர்கள் 3,000 மீற்றருக்கு மேல் போகிறார்கள். 2,500 மீற்றருக்கு மேல் தலைவலி, மூச்சிரைப்பு வரலாம். இதய நோய், பிரஷர் உள்ள பெரியவர்களை வைத்தியரிடம் கேட்காமல் கூட்டிப்போக வேண்டாம். மலைப்பாதையும் மூட்டமும் பிள்ளைகளுக்குப் பழகுவதற்கு நம் மலைநாட்டை முதலில் காட்டுங்கள்.

இன்னொன்று. நாங்கள் கண்டிக்குப் போகிற இந்த ஏ9 பாதையை ஒட்டித்தான், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். 2023இல், அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து வந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டுப் பயணம் தொடங்கும்போது அம்மா இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுவார். உங்கள் வானிலும் சொல்ல ஒருவர் இருப்பார்; பாட்டைச் சற்று நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மலைக்குப் போனால் கொழுந்து பறிக்கிற அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்; அவர்களுக்கு அன்றைய கிலோக் கணக்கு முக்கியம். லயத்து வாசலை வேடிக்கை பார்க்கிற இடமாக்காதீர்கள். கரட்டையும் லீக்ஸையும் பாதையோரக் கடைகளில் வாங்குங்கள், விலை குறைக்கச் சொல்லாதீர்கள். டித்வாவில் வீட்டையும் பயிரையும் இழந்த குடும்பங்கள் அந்தப் பாதைகளில்தான் இருக்கின்றன.