விரத நாளில் காபி

புரட்டாசி மாதம் வந்தால் சனிக்கிழமைதோறும் விரதம். சித்தூர், திருப்பதிப் பக்கம் நம் வீடுகளில் பல பெண்கள் ஒருபொழுது இருப்பார்கள். நாள் முழுவதற்கும் ஒரு வேளைதான் சாப்பாடு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறவர்களும் விரதம் இருப்பார்கள். வைகுண்ட ஏகாதசி அன்று இரவு முழுவதும் கண் விழிப்பார்கள்.

இப்போது புதிதாக இன்னொரு விரதமும் வந்திருக்கிறது. உடம்பு இளைக்க வேண்டும் என்று சிலர் தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறார்கள்.

சோறு வேண்டாம் என்போம். இட்லி வேண்டாம் என்போம். ஆனால் காபி? "காபிதானே! அது சாப்பாடா என்ன?" என்று குடித்துவிடுவோம்.

காபி குடித்தால் விரதம் கெடுமா? வீட்டுக்கு வீடு பதில் மாறும். அது அவரவர் வழக்கம். அதைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. வெறும் வயிற்றில் காபி போனால் உடம்புக்கு என்ன ஆகும்? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

காபி வந்த கதை

அரபு நாடுகளில் ஏமன் என்று ஒரு நாடு. அங்கே சூஃபி அடியார்கள் இரவில் தூங்காமல் தொழுவதற்காகக் காபி குடித்தார்கள். பாபா புடன் என்ற பெரியவர் அங்கிருந்து 7 காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்தார். கர்நாடகத்தில் சிக்கமகளூர் மலையில் அவற்றை விதைத்தார். இது 1600களில் நடந்தது என்று சொல்வார்கள். அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். நம் ஆந்திராவிலும் அரக்கு மலையில் பழங்குடி மக்கள் காபி பயிர் செய்கிறார்கள்.

ஆக, காபி முதலிலிருந்தே கண் விழிக்க உதவிய பானம். அது பசிக்குச் சாப்பாடு அல்ல.

காபியில் என்ன இருக்கிறது?

காபிக் கொட்டையில் கஃபீன் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் தூக்கத்தை விரட்டுகிறது. சிக்கரியில் கஃபீன் இல்லை.

150 மில்லி பில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் சொன்னது. கணக்குப் பாருங்கள். திக்கான காபி மூன்று தம்ளர் குடித்தாலே அந்த அளவு வந்துவிடும்.

காபி குடித்தால் கொஞ்ச நேரம் பசி தெரியாது. பசி போய்விட்டது என்று நினைக்கிறோம். பசி போகவில்லை. மறைந்து நிற்கிறது. வெறும் வயிற்றில் காபி குடித்தால் சிலருக்கு நெஞ்சு எரியும். சிலருக்குக் கை நடுங்கும், மார்பு படபடக்கும்.

உடம்பு இளைக்க விரதம் இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஒரு தம்ளர் காபிக்கு 2 கரண்டி சர்க்கரை. ஒரு சின்னக் கரண்டியில் 5 கிராம். 5 தம்ளர் குடித்தால் 50 கிராம் சர்க்கரை ஆகிறது. சர்க்கரையை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி, உணவுதான். சாப்பிடாமலே இருந்தோம் என்று சொல்ல முடியாது.

அது காபி நடுக்கம் அல்ல

ஒரு புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஒரு பெரியம்மா வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்தது.

"கை நடுங்குதே கண்ணு. காபி ஜாஸ்தி ஆயிடுச்சு போல."

"காலையில மாத்திரை போட்டீங்களா பெரியம்மா?"

"போட்டேன். சாப்பிடத்தான் இல்லை. இன்னிக்கு ஒருபொழுது. சர்க்கரை போடாத காபி ரெண்டு வாட்டி குடிச்சேன்."

பக்கத்தில் இருந்த அக்கா உடனே எழுந்து போனார். ஒரு தம்ளர் தண்ணீரில் 3 கரண்டி சர்க்கரை கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பெரியம்மாவுக்கு நடுக்கம் நின்றது. பிறகு இட்லி கொடுத்தார்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்.

என்ன நடந்தது? சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும். வயிற்றில் சாப்பாடு இல்லாவிட்டால் அது அளவுக்கு மேல் குறைந்துவிடும். அப்போது வேர்க்கும். நடுங்கும். மார்பு படபடக்கும். பேச்சு குழறும். அதிகமாகக் காபி குடித்தாலும் நடுக்கமும் படபடப்பும் வரும். அதனால்தான் காபி என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம். ஏமாந்தால் உயிருக்கே ஆபத்து.

சர்க்கரை போடாத காபி அந்த நேரத்தில் உதவாது. சர்க்கரைத் தண்ணீர்தான் உதவும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறிவிடும். உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. சாப்பிடாமல் போடவும் கூடாது.

ஒருபொழுதும் இரத்தசோகையும்

நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது. பெரும்பாலும் இரும்புச் சத்து குறைவதால் இது வருகிறது.

கீரை, கேழ்வரகு, பருப்பு இவற்றில் இரும்புச் சத்து இருக்கிறது. சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒருபொழுது இருக்கும் நாளில் கிடைப்பதே ஒரு வேளைச் சாப்பாடு. அதன் மேல் காபியை ஊற்றினால் அந்த ஒரு வேளைச் சத்தும் குறைந்துபோகும்.

சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னும், 1 மணி நேரம் பின்னும் காபி வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையையும் காபியோடு விழுங்கக் கூடாது. சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

இன்னும் சில விஷயங்கள்

தினமும் காபி குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். விரதத்துக்குச் சில நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

திருமலைக்கு அலிபிரி வழியாக நடந்து போனால் 3550 படிகள். வெறும் காபியோடு ஏறினால் தலை சுற்றலாம். கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில் காபி ஆகாது.

"வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்கு வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அன்று காலையில் காபி கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காபி குடித்தால் கணக்குத் தப்பாக வரலாம்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், வயிற்றுப் புண் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம்.

நினைவில் வைப்போம்

1. காபி பசியை மறைக்கும். பசியைத் தீர்க்காது.
2. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் 1 மணி நேரம் இடைவெளி வேண்டும்.
3. சர்க்கரை நோய் உள்ளவருக்கு விரத நாளில் நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர்.

கணக்குப் போடுவோம்

உங்கள் வீட்டில் ஒரு தம்ளர் காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை? நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் குடிக்கிறீர்கள்? மொத்தம் எத்தனை கிராம் சர்க்கரை? எழுதிப் பாருங்கள்.

பேசுவோம்

உங்கள் தெருவில் மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் இருப்பவர்கள் யார் யார்? அவர்களுக்கு இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.