கூட்டு விளையாட்டுகளின் வாழ்வும் வீழ்ச்சியும்

கேள்வி: பெரும் பொருட்செலவில் உருவாகும் இணையவழிக் கூட்டு விளையாட்டுகளுள் சில ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்க, சில வந்த வேகத்திலேயே மறைந்துபோவது ஏன்?

பதில்: இவ்வகை விளையாட்டில் எதிராகவோ துணையாகவோ நிற்பவர் இன்னோர் ஆட்டக்காரரே என்பதால், கூட்டம் குறையும்போது ஆட்டத்துக்கு ஆள் சேரக் காத்திருக்கும் நேரம் நீண்டு, எஞ்சியிருப்பவர்களும் விலகத் தொடங்குகின்றனர். சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட ‘கான்கார்ட்’ இதற்குத் தெளிவான சான்றாகும். ‘வேலரண்ட்’, ‘ஓவர்வாட்ச் 2’ போன்ற நிகரான விளையாட்டுகள் இலவசமாகக் கிடைத்த சந்தையில் 40 டாலர் விலையுடன் வந்த அது, போதிய ஆட்டக்காரர்களைப் பெறாமல் செப்டம்பர் 6 அன்றே நிறுத்தப்பட, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

ஆனால் தொடக்கத் தோல்வியே முடிவான தோல்வி ஆகிவிடுவதில்லை. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ கடும் கண்டனத்துக்கு உள்ளானபோது, நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, நவோகி யோஷிடாவின் தலைமையில் அதனை அடியோடு மாற்றியமைத்து 2013இல் மீண்டும் வெளியிட்டது. சந்தா, அதாவது மாதந்தோறும் செலுத்தும் கட்டணம், கேட்டபோதும் அவ்விளையாட்டு உலகளாவிய ஆதரவைப் பெற்றது. நுழைவதற்கு எளிமை, தொடர்ந்து வரும் புதிய உள்ளடக்கம், ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் கண்காணிப்பு ஆகியவை முக்கியமானவையே. எனினும் ஆட்டக்காரர்களை ஒரு சமூகமாக மதித்து அவர்களது நம்பிக்கையைக் காப்பதே இவை அனைத்துக்கும் அடிப்படையாகும்.